மலை ஏறும்போது மட்டும் நிற்கும் வண்டியும், பார்ட்ஸ் மாற்றியே பிழைக்கும் பட்டறையும்

கம்பம், கூடலூர் பக்கம் பழைய டீசல் பிக்கப் வைத்துக்கொண்டு குமுளி, வண்டிப்பெரியாறு, கட்டப்பனை என்று காய்கறி ஏற்றிப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வண்டி திடீரென்று நின்று, அப்புறம் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிற எலக்ட்ரிக்கல் கம்ப்ளைண்ட் உங்களுக்கும் இருந்தால், கேரள எல்லையை ஒட்டிய ஒரு பட்டறையில் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். பட்டறையின் பெயரை எழுதவில்லை. விஷயம் மனு கொடுக்கும் நிலையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வித்தையைச் செய்கிறவர்கள் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

என் வண்டி 2008 மாடல். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. இந்த மாதிரி டீசல் எஞ்சினுக்கு ஸ்டார்ட் ஆகும்வரைதான் கரண்ட் நிறைய வேண்டும். ஓட ஆரம்பித்துவிட்டால் பம்பில் டீசலைத் திறந்து மூடும் கரண்ட் வால்வான சொலினாய்டுக்கு மட்டும் 12 வோல்ட் போய்க்கொண்டிருந்தால் போதும். அந்த ஒற்றை வயரில் கரண்ட் ஒரு நொடி விட்டுப்போனாலும் டீசல் அடைபட்டு எஞ்சின் ஆஃப் ஆகிவிடும்.

கம்ப்ளைண்ட் இரண்டு விதமாக வந்தது. லோடோடு மலை ஏறும்போது, ஃபர்ஸ்ட் கியரில் வளைவு திரும்பும் நேரத்தில் எஞ்சின் பட்டென்று நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். கூடலூர் சமவெளியிலோ காலி வண்டியிலோ ஒரு தடவைகூட நின்றதில்லை. இன்னொன்று, ஜூன் மாதத்துச் சாரல் ஆரம்பித்த பிறகு காலையில் சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், செல்ப் (ஸ்டார்டர் மோட்டார்) சுற்றாது. போர்டில் லைட் எல்லாம் மங்கிப்போகும். பேட்டரி டெர்மினலைக் கொஞ்சம் ஆட்டினால் எடுத்துவிடும். போதாததற்கு ஆக்ஸிலரேட்டர் வேறு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

லோயர் கேம்ப் தாண்டி ஏறுகிற ரோட்டில், கொண்டை ஊசி வளைவில் லோடு வண்டி நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் பஸ், பின்னால் பஸ், நடுவில் நாம். இதனால்தான் சபரிமலை சீசனில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். அந்த மாதிரி இடத்தில் நிற்கிறவன் எது சொன்னாலும் தலையாட்டுவான். தக்காளியும் கத்தரிக்காயும் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது யாரும் பேரம் பேசமாட்டார்கள். இந்தப் பட்டறைக்காரருக்கு அது நன்றாகவே தெரியும். வழியோடு போகிற வண்டி, வேறு மாநில நம்பர், அவசரம். மறுபடி வந்து சண்டை போடமாட்டார்கள் என்ற கணக்கு. தமிழில் வந்தால் தமிழில் ‘அண்ணே’, மலையாளத்தில் வந்தால் ‘சேட்டா’. பேச்சில் குறையே சொல்ல முடியாது.

முதல் தடவை போனபோது பானெட்டைத் திறந்தார். ஒரு ஸ்க்ரூடிரைவரை பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே தொட்டு எடுத்தார். பொறி பறந்தது. “அண்ணே, பேட்டரி போச்சு.” அவ்வளவுதான் சோதனை. வோல்ட் பார்க்கும் மீட்டர் எடுக்கவில்லை, மூடியைத் திறந்து ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்கவில்லை. வாரண்டி இருக்கிறதே என்றேன். “வாரண்டிக்கு அனுப்பினா பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் லோடு யார் ஓட்டுவா?” என்றார். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு புதுசு மாட்டினார்.

இப்படிப் பொறி விட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை, ஆபத்து. சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் ஹைட்ரஜன் உண்டாகும், பொறி பட்டால் முகத்திலேயே வெடிக்கும். நல்ல பேட்டரியா என்று பார்க்க வழி சாதாரணமானது. ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்னால் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ். செல்ப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு, முழுச் சார்ஜில் 1.260க்கு மேல் காட்ட வேண்டும். ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரி போனது. இதையெல்லாம் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

பேட்டரி மாற்றியதும் வண்டி அருமையாக ஓடியது. இந்த இடத்தைக் கவனியுங்கள், மோசடியே இங்கேதான் இருக்கிறது. பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் டெர்மினலைக் கழற்ற வேண்டும், சுரண்டித் துடைக்க வேண்டும், கேபிளை இழுத்து வளைத்து மறுபடி முறுக்க வேண்டும். எங்கோ ஒரு கெட்ட ஜாயின்ட் இருந்தால் அந்த இழுப்பிலேயே அது கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பார்ட்டை மாற்றினாலும் இப்படித்தான். வந்து வந்து போகிற கம்ப்ளைண்ட்டில், வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது வண்டி எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும். நாம் சந்தோஷமாகப் பணம் கொடுப்போம். திரும்பக் கோளாறு வந்தால் “அப்ப அது போயிருந்துச்சு, இப்ப வேற ஒண்ணு போயிருக்கு” என்ற பதில் தயாராக இருக்கும்.

அதே பதில்தான் அடுத்த தடவை வந்தது. இந்த முறை ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது. எஞ்சினை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். எஞ்சின் தடுமாறியது. “பாத்தீங்களா, டைனமோ சார்ஜ் பண்ணல.” அந்தக் காலத்து டைனமோ வண்டிகளில் செய்த பழக்கம் இது. ஆல்டர்னேட்டர் வந்த பிறகும் பல பட்டறைகளில் விடவில்லை. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் எகிறிக் குதிக்கும். அந்த ஒரு அடியிலேயே உள்ளே இருக்கும் டயோடும் ரெகுலேட்டரும் எரிந்துபோகலாம். அதாவது நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிட்டு, கெட்டுப்போச்சு என்று நிரூபிக்கிற சோதனை. உங்கள் வண்டியில் யாராவது இதைச் செய்ய வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரி. குறைவாகக் காட்டினால், ஆல்டர்னேட்டரின் அவுட்புட் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே ஒரு தடவை அளக்க வேண்டும். அங்கே 14 இருந்து பேட்டரியில் இல்லையென்றால் ஆல்டர்னேட்டரின் மேல் குற்றமில்லை, வழியில்தான் விட்டுப்போகிறது.

‘ஒரிஜினல் புதுசு’ என்று மாட்டியது பழையதைக் கழுவி ஸ்ப்ரே அடித்தது என்று பிறகு தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கண் இருந்தால் போதும். ஃபேக்டரியிலிருந்து வருவதில் ஸ்க்ரூத் தலைமேல் பெயிண்ட் இருக்காது, கம்பெனித் தகடும் நம்பரும் இருக்கும். இதில் போல்ட், தகடு இருந்த குழி எல்லாவற்றின் மேலும் வெள்ளிப் பெயிண்ட். நகத்தால் சுரண்டினால் கீழே துரு. ரீகண்டிஷன் செய்தது தப்பில்லை, நல்ல கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் போட்டால் நன்றாகவே ஓடும். புதுசு விலைக்கு அதை விற்றதுதான் தப்பு. என் பழைய ஆல்டர்னேட்டர் எங்கே என்று கேட்டதற்கு பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்காரன் எடுத்துப்போய்விட்டான் என்றார்.

அப்புறம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் மாற்றினார். அது மறுபடி இறுகியது, மறுபடி மாற்றினார். கடைசியில் வயரிங் முழுக்க உரித்துப் புதிதாகப் போட வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்றார். அதற்குள் 18,000 ரூபாய்க்கு மேல் அங்கே கொடுத்திருந்தேன். பில் என்று தந்தது, கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு.

வயரிங்குக்கு வண்டியை விடுவதற்குள் வண்டிப்பெரியாறில் செல்ப் எடுக்காமல் நின்றுவிட்டது. அங்கே சந்தைப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்து ஆள், வயரிங் வேலை மட்டும்தான் பார்ப்பாராம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை, முதலில் கேள்விதான் கேட்டார். “ஏத்தத்துல மட்டும் நிக்குமா, எறக்கத்துலயுமா? லோடு இருக்கும்போதா, காலியாவா? மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?” எல்லாவற்றையும் சொன்னேன். ஆக்ஸிலரேட்டர் இறுகுவதைச் சொன்னதும் சிரித்தார். “எர்த்து சரியில்ல தம்பி.” எர்த் என்றால் கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வருகிற வழி.

அவர் செய்ததை விவரமாகவே எழுதுகிறேன், முந்நூறு நானூறு ரூபாய் மீட்டர் ஒன்று இருந்தால் நீங்களும் செய்யலாம். பம்ப் சொலினாய்டின் வயரைப் பிடுங்கினார், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் செல்ப் மட்டும் சுற்றட்டும் என்று. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முளையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தார். கேபிள் கிளாம்ப்பில் இல்லை, ஈய முளையிலேயே. என்னைச் சாவி போடச் சொன்னார். செல்ப் சோம்பலாகச் சுற்றியது. மீட்டர் 1.9 காட்டியது. அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதாவது பேட்டரி கொடுக்கிற பன்னிரண்டில் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட், திரும்பி வருகிற வழியிலேயே தொலைகிறது. அடுத்து மைனஸ் முளைக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே வைத்தார், 0.1. சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, 1.8. ஆக பேட்டரி கேபிள் சரி. சேஸிஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டைதான் குற்றவாளி.

எஞ்சின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. அதனால்தான் பின்னல் பட்டை ஒன்றைக் கியர்பாக்ஸுக்கும் சேஸிஸுக்கும் போல்ட் போட்டு வைத்திருப்பார்கள். என்னுடையதில் பாதி இழை பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது, போல்ட்டுக்குக் கீழே துரு. செல்ப் அடிக்கும்போது 200 ஆம்பியருக்கு மேல் ஓடும். நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். மீட்டரில் ‘பீப்’ சத்தம் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். கரண்ட் நிறைய ஓடும்போது வோல்ட் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். பட்டை வழியாகப் போக முடியாத கரண்ட் வேறு வழி தேடியிருக்கிறது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற இன்னொரு இரும்பு ஆக்ஸிலரேட்டர் கேபிள்தான். அது சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, இறுகிப்போனது. ஆல்டர்னேட்டரின் சார்ஜும் அதே எர்த்தில்தான் திரும்ப வேண்டும், அதனால் சார்ஜும் குறைந்திருக்கிறது. பேட்டரி, ஆல்டர்னேட்டர், கேபிள் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தது இந்த ஒரு பட்டைக்காக.

பட்டையைப் புதிதாகப் போட்டு, சேஸிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளையாக்கி முறுக்கினார். மறுபடி அளந்தபோது 0.1 காட்டியது, செல்ப் ஒரே சுற்றில் எடுத்தது.

ஏற்றத்தில் நிற்கிற கம்ப்ளைண்ட்டுக்கு அவர் செய்தது இன்னும் அழகு. டாஷ்போர்டு மீட்டரில் போடுகிற சின்ன பல்பு இரண்டு எடுத்தார். ஒன்றை சொலினாய்டின் முனையிலிருந்து நீள வயர் இழுத்து கேபினுக்குள் தொங்கவிட்டார். மற்றொன்று பியூஸ் பாக்ஸிலிருந்து சொலினாய்டுக்குக் கிளம்பும் இடத்தில். இரண்டும் எரிந்துகொண்டிருக்க, லோடோடு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பாம்பனார் பக்கம் ஏற்றத்தில், ஒரு வளைவில், எஞ்சின் நின்றது. சொலினாய்டு பல்பு அணைந்திருந்தது, பியூஸ் பல்பு எரிந்தது. அதோடு விவகாரம் முடிந்தது. இரண்டும் எரிந்துகொண்டே எஞ்சின் நின்றிருந்தால் அது கரண்ட் விஷயமே இல்லை, டீசலில் காற்று, ஃபில்டர் என்று போக வேண்டும். இரண்டும் அணைந்திருந்தால் சாவி சுவிட்ச் அல்லது பியூஸ். ஒன்று மட்டும் அணைந்ததால் கோளாறு நடுவில் இருக்கிற ஒரு சாண் இரண்டு சாண் வயரில்தான்.

எஞ்சினுக்குப் பின்னால் யாரோ எப்போதோ வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வயரில் நீளம் போதவில்லை. ஃபர்ஸ்ட் கியரில் லோடு இழுக்கும்போது எஞ்சின் மவுன்டிங்கில் ஒரு பக்கம் சாயும். சாயும்போது அந்த முறுக்கு இழுபட்டு விட்டுப்போகிறது, நின்றதும் எஞ்சின் பழைய இடத்துக்கு வர, மறுபடி தொட்டுக்கொள்கிறது. சமவெளியில் ஏன் நிற்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. புது வயர், சால்டர், ஸ்லீவ், கொஞ்சம் தளர்வு விட்டு கிளிப். எர்த் பட்டையும் சேர்த்து 900 ரூபாய்.

பியூஸ் பாக்ஸில் இன்னொன்றும் காட்டினார். எரிந்துபோன பியூஸின் இரண்டு காலிலும் செம்பு இழையைச் சுற்றி மாட்டியிருந்தது. நம்ம பட்டறைக்காரர் கைங்கரியம்தான், மேலே சுற்றியிருந்த டேப் புத்தம்புதுசு. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. செம்பு இழை போட்டால் ஷார்ட் ஆகும்போது பியூஸுக்குப் பதில் வயர் எரியும். ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம், இதை எப்படி விடுவது? டீசல் ஹோஸுக்குப் பக்கத்தில் ஓடுகிற வயர் அது.

திரும்பிப் போய்க் கேட்டேன். குரலை உயர்த்தவே இல்லை அவர். “பில் இருக்கா அண்ணே?” என்றார்.

பில் இல்லையென்றாலும் பணம் யுபிஐயில் போயிருக்கிறது, அது ஒரு ஆதாரம். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை என்று இருக்கிறது. எல்லையில் இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் அதே சட்டத்தில் உண்டு. கடை கேரளாவில் இருந்தாலும், புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது நமக்குத் தேனியிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். லோடு வண்டி என்பதால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்காக, சுயதொழிலாக ஓட்டுகிறேன் என்பதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். ஆரம்பத்தில் என்ன செய்வதென்று கேட்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது. ‘தேனியில் போடுவேன்’ என்று சொன்ன பிறகுதான் ஆல்டர்னேட்டர் பணம் திரும்ப வந்தது. பேட்டரிப் பணம் வரவில்லை, அது நிஜமாகவே போய்விட்டது என்று சாதித்தார்.

அந்தப் பேட்டரியை நான் மறுபடி பார்த்தேன். கூடலூரில், ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஒரு ஜீப்பில். ஜீப்புக்காரர் தெரிந்தவர்தான், பானெட்டைத் திறந்து வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேல்மூடியில் ஆணியால் என் வண்டி நம்பரைக் கீறியிருந்தேன், அது அப்படியே இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்றால், அதே பட்டறை. ‘கொஞ்ச நாள் ஓடின நல்ல பேட்டரி’ என்று கொடுத்தாராம். நல்ல பேட்டரி என்பது பொய்யில்லை, தினமும் காலையில் இருட்டோடு ஸ்டார்ட் ஆகி மலை ஏறுகிறது. வீட்டிலிருந்து வாரண்டி அட்டையை எடுத்துவந்து சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்தோம், பொருந்தியது.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். வாங்கிய தேதியையும் கொடுத்த பணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர ஜீப்புக்காரர் சம்மதித்திருக்கிறார். மனு தயாராகிறது. எல்லைப் பக்கத்துப் பட்டறை எதிலாவது வாரண்டி முடியாத பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தவர்கள் இருந்தால், பழைய வாரண்டி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும். இனி மாற்றுகிறவர்கள், பழைய பேட்டரியை அங்கே விடாமல் முதலில் வாங்கிய டீலரிடமே கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள்.